அக்காவின் கால் அறியாத சூடு

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைவடைகிறது. இன்று கோவில்பட்டிக்கு வந்து எங்களோடு அமர்ந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், வர இயலாமல் இந்த நினைவு மலரைத் தபாலில் பெறுகிறவர்களுக்கும், தங்கையாகிய நான் வணக்கத்துடன் எழுதுவது.

இத்தகைய மலர்களில் மறைந்தவரின் நற்குணங்களை விரிவாக எழுதிவிட்டு, நோயைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன். அக்காவின் மாமியாரை நாங்கள் எல்லோரும் அத்தை என்றே அழைப்போம். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டியபோது பாதியிலேயே கையமர்த்திவிட்டார்.

"இது என்னத்துக்கு? துக்கத்தன்னைக்கே எங்க வீட்டுல ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிக்காம போனவுகள நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். அவிய மனசுல என்ன இருந்துச்சுன்னும் எனக்குத் தெரியும். எல்லாத்தையும் எழுது. என்னையப் பத்திப் பேசுனதையும் சேத்து எழுது. மறைச்சா இன்னும் ஆளுக்கு ஒண்ணா பேசத்தான் செய்வாவ."

ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அக்கா பிறந்து வளர்ந்தது நாகலாபுரத்தில். அப்பாவுக்கு அங்கே பேருந்து நிறுத்தத்தை ஒட்டி ஒரு பலசரக்குக் கடை இருந்தது. மழையை நம்பி விதைக்கிற ஊர். மல்லியும் மிளகாய் வற்றலும் உளுந்தும் வீடு வந்து சேர்கிற காலத்தில் சுற்று வட்டாரத்தார் மூட்டைகளோடு கடை வாசலில் நிற்பார்கள். அப்பா யார் சொன்னாலும் நம்பிவிடுவார். அக்கா கண்ணால் பார்த்த பிறகும் ஒரு முறை தொட்டுப் பார்ப்பார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை வைத்துவிட்டு, வற்றல் மூட்டைக்குள் முழங்கை வரை கையை விடுவார். மேலே காய்ந்த வற்றலும் அடியில் ஈர வற்றலுமாக வந்த மூட்டைகள் அப்படித்தான் பிடிபட்டன. ஒருமுறை எங்களுக்குச் சித்தப்பா முறையாகிற ஒருவர் மனம் நொந்து, "ஏம்மா, எம்மேல நம்பிக்கை இல்லியா?" என்று கேட்டார்.

"உங்க மேல இருக்கு சித்தப்பா. மூட்டை மேலதான் இல்ல" என்றார் அக்கா.

அப்பா தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகு அக்கா தொட்டுப் பார்க்காத மூட்டை எதையும் அவர் உள்ளே இறக்கவில்லை.

பட்டப்படிப்பை அஞ்சல் வழியில் முடித்ததும் அக்காவுக்குக் கோவில்பட்டியில் திருமணம் ஆயிற்று. அத்தானின் வீட்டுக்குப் பின்புறம் கடலைமிட்டாய் போடும் கூடம் இருக்கிறது. அத்தையும் அத்தானும் சில பெண்களும் சேர்ந்து நடத்தும் சிறிய தொழில். புகுந்த வீட்டில் அக்காவின் குணத்துக்கு நல்ல மதிப்பு கிடைத்தது. வெல்லத்தை நாக்கில் வைத்துப் பார்த்தே கலப்படம் என்று திருப்பி அனுப்புவார். கடலையைக் கையில் அள்ளி முகர்ந்து, சிக்கு வாடை வந்தால் வியாபாரியின் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். "எம் மருமவ கண்ணுல ஒண்ணும் தப்பாது" என்று அந்நாளில் அத்தை தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். மகள் பிறந்தாள். அப்பா காலமானதும் அந்தச் சமயத்தில்தான்.

மகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு அக்காவின் உடல்நிலை சரியில்லாமல் போனது. காலையில் எழும்போதே அசதி. விரல் மூட்டுகள் வீங்கின. தலைமுடி கொத்தாக உதிர்ந்தது. வெயிலில் போய் வந்தால் இரு கன்னங்களிலும் மூக்கின் மேலும் சிவந்து தடித்தது. முகத்துக்கு ஏதோ கிரீம் போட்டுத்தான் இப்படி ஆனது என்றார் ஒருவர். அடுப்புச் சூடு என்றார் மற்றொருவர். கண்ணேறு என்று சொல்லி அம்மா கழுகுமலைக்கு நேர்ந்துகொண்டார். அக்கா எதையும் ஏற்கவில்லை. கிரீம் போட்டதே இல்லை. அடுப்பருகில் நிற்கும் மற்றப் பெண்களின் முகம் சிவக்கவுமில்லை.

பிறகு கால்கள் எரியத் தொடங்கின. மிளகாய்ப் பொடியைத் தடவிச் சாக்கைச் சுற்றிக் கட்டியதுபோல் எரிகிறது என்பார். ஈரத்துணியைப் பாதத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பார்ப்பவர்களுக்குக் காலில் எதுவும் தெரியாது. வீக்கம் இல்லை, புண் இல்லை, நிறம்கூட மாறவில்லை. இல்லாத ஒன்றைக் காட்டி எப்படி நம்பச் செய்வது?

அத்தான் ஒரு நரம்பு மருத்துவரிடம் அழைத்துப் போனார். கால் நரம்புகளில் சிறு மின்சாரத்தைச் செலுத்திச் சோதனை செய்தார்கள். நரம்புகள் நன்றாகவே இருப்பதாக முடிவு வந்தது. மனக்கவலையைக் குறைத்துக்கொள்ளுமாறு சொல்லித் தூங்குவதற்கு மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்.

அந்த முடிவு வந்த நாள் முதல் வீட்டில் பேச்சின் நிறம் மாறியது. அக்கா உட்கார்ந்தால் அத்தை பார்ப்பார். அக்கா எழுந்தாலும் பார்ப்பார்.

"மெஷினே ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டு. பொறவு என்னத்த எரியுது?" என்று எனக்குக் கேட்கும்படியே ஒருநாள் சொன்னார். "அவிய அய்யா இருந்தப்ப செல்லமா வளந்த புள்ள. பாகு கிண்டுத வேலைன்னா எரியத்தான் செய்யும்."

அத்தான் எதுவும் சொல்லவில்லை. தாயின் பேச்சுக்கு உடன்படுகிறார் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். மனைவியின் பக்கம் நிற்கிறார் என்று அத்தை எடுத்துக்கொண்டார்.

சில காலம் கழித்து, கயத்தாறு பக்கம் ஒரு வைத்தியர் தரும் பொடியை அத்தான் வாங்கி வந்தார். சாப்பிட்ட சில நாட்களிலேயே மூட்டு வீக்கம் வடிந்தது. எரிச்சல் தணிந்தது. முகம் உருண்டு பளபளப்பானது. ஒரு திருமண வீட்டில் உறவுக்காரப் பெண்கள் எல்லோரும், "இப்பதான் ஆளு தெளிஞ்சிருக்கா" என்று கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். எல்லோரும் மகிழ்ந்திருந்த அந்தச் சமயத்தில் அக்கா மட்டும் பொடியை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, வேரும் எலையும் இவ்வளவு வெரசா வேலை செய்யுமா?" என்று என்னிடம் கேட்டார். "இதுல என்னமோ கலந்திருக்கான். எம் மொகம் இப்படி ஊதுதது எனக்குப் பிடிக்கல."

யாரிடமும் சொல்லாமல் பொடியை நிறுத்திவிட்டார். அடுத்த வாரமே எழுந்து நிற்க முடியாதபடி காய்ச்சலும் வாந்தியுமாக விழுந்தார். அந்தப் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்க வேண்டும், அதைப் படிப்படியாகக் குறைக்காமல் சட்டென்று நிறுத்தியதால் உடல் துவண்டது என்று பின்னாளில் மதுரை மருத்துவர் விளக்கினார். அக்காவின் சந்தேகம் சரிதான். அன்றைக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை. குணமாக்குகிற மருந்தையும் வேண்டாமென்று ஒதுக்குகிறவள் என்ற பெயர்தான் மிஞ்சியது.

இனி எழுதப் போவது பலருக்கும் அரைகுறையாகத் தெரிந்த செய்தி.

நாகலாபுரத்தில் அம்மன் கோவில் கொடை விழாவுக்கு அக்கா வந்திருந்தார். மதியம் சாப்பிட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தவரின் சேலை சற்று விலகியிருந்தது. வலது பாதத்தின் மேற்புறம், கொலுசுக்குக் கீழே, விரல் நீளத்துக்குத் தோல் வெந்து உரிந்திருந்தது. ஓரங்களில் சீழ் கோத்திருந்தது.

"என்னக்கா இது?"

"எது?" என்றார். குனிந்து பார்த்தார். எனக்கு இன்றும் மறக்காதது அந்த முகம்தான். வலியோ மறைப்போ அதில் இல்லை. வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல் பார்த்தார்.

"தெரியலட்டி" என்றார்.

அம்மா ஓடி வந்தார். பலசரக்குக் கடைக்காரர் மனைவிக்கு வெல்லப்பாகு பட்ட புண் எப்படி இருக்கும் என்று தெரியாதா? "இது பாகு. கொதிச்ச பாகு பட்டா தோலோட ஒட்டிக்கிட்டு இப்படித்தான் உரியும். கால்ல பாகு பட்டவ தெரியலன்னு சொல்லுவாளா? யாருக்குப் பயந்துக்கிட்டு சொல்லுத?"

"யாருக்கும் பயப்படலம்மா. நெசமாவே தெரியல."

எத்தனை முறை கேட்டாலும் அதே பதில். அந்தப் பதிலை அம்மாவால் ஒரே ஒரு விதமாகத்தான் புரிந்துகொள்ள முடிந்தது. மறுநாளே அம்மாவும் அம்மாவின் அண்ணனான எங்கள் மாமாவும் நானும் கோவில்பட்டிக்குப் போனோம். அக்காவை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டோம்.

கூடத்தில் வேலை நடந்துகொண்டிருந்தது. மாமா செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"எங்க புள்ள கால்ல பாகு ஊத்துனது யாரு?"

அத்தையின் கையிலிருந்த துடுப்பு அப்படியே நின்றது. "என்ன அண்ணாச்சி கேக்குதீங்க?"

"கேக்குதது வெளங்கலியா? வேலை செய்யமாட்டேங்கான்னு கோவம் இருந்தா எங்ககிட்ட கொண்டுவந்து விடணும். காலைப் பொசுக்கியா புத்தி சொல்லுவாவ?"

"வார்த்தையப் பாத்துப் பேசுங்க" என்று அத்தையின் குரல் ஏறியது. "இத்தன பொம்பளையாளு வேலை செய்யுத எடம். கேட்டுப் பாருங்க. கால் எரியுதுன்னு சொன்னத நாங்க நம்பலன்னு, எங்கள மாட்டிவிடதுக்கு அவளே ஊத்திக்கிட்டாளோ என்னமோ!"

அம்மா அத்தையை நோக்கிப் பாய்ந்தார். நான் நடுவில் நின்றேன். மாமா அத்தானைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க மாப்பிள்ள. உங்களுக்குத் தெரியாம இந்த வீட்டுல நடக்குமா?" என்றார்.

அத்தான் தரையைப் பார்த்தபடி, "எனக்கு ஒண்ணும் தெரியாது மாமா" என்றார்.

அதைக் கேட்டதும் மாமா காவல் நிலையத்தைப் பற்றிப் பேசினார். வேலை செய்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்று மாலைக்குள் அந்தப் பேச்சு கடைவீதி வரை போய்விட்டது.

நாங்கள் வீடு திரும்பியதும் அத்தானைக் குறித்து அக்கா கேட்ட முதல் கேள்வி, "அவிய என்ன சொன்னாவ?" என்பதுதான்.

"தெரியாதுன்னு சொன்னாவ."

அக்கா குனிந்து தன் காலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "நானும் தெரியாதுன்னு சொல்லுதேன். அவியளும் தெரியாதுன்னு சொல்லுதாவ. ஒருத்தருக்கும் தெரியாம எங்காலு எப்படிட்டி வேகும்?" என்றார். குரல் தாழ்ந்தது. "நான் அசந்து தூங்குத நேரத்துல யாரும் எதாவது செஞ்சிருப்பாவளோ?"

கட்டிய கணவரையும் அத்தையையும் அக்காவே சந்தேகித்த காலம் அது. அத்தைக்கும் இது தெரியும். தெரிந்தேதான் எழுதச் சொன்னார். தன் உடம்பில் நடந்ததற்குத் தன்னிடமே சாட்சி இல்லாதபோது ஒருவர் யாரை நம்ப முடியும்?

அக்கா நாகலாபுரத்திலேயே தங்கிவிட்டார். பரீட்சை முடியட்டும் என்று மகள் கோவில்பட்டியிலேயே இருந்தாள். அத்தான் கொடுத்தனுப்பிய பழங்களை அம்மா வாசலோடு திருப்பி அனுப்பினார். அம்மா சமைத்ததை மட்டும் அக்கா சாப்பிட்டார். மாமா ஒரு வக்கீலைப் பார்த்துப் பேசிவிட்டு வந்தார். இரண்டு வீடுகளும் பிரிந்தே போயின என்றுதான் ஊரார் நினைத்தார்கள்.

ஒரு காலை நேரம் நான் தோசை சுட்டு முடித்து, கல்லை அடுப்பிலிருந்து இறக்கித் தரையில் ஓரமாக வைத்திருந்தேன். அம்மா வாசற்படியருகில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அக்கா உள்ளே வந்து, பரணில் இருந்த டப்பாவை எடுக்க எட்டினார். எட்டும்போது இடது பாதத்தின் ஓரம் தோசைக்கல்லில் போய் அழுந்தியது. எடுத்த டப்பாவைத் திறந்து, உள்ளே இருந்த பருப்பை முகர்ந்துவிட்டு, "ஏட்டி, இது பழசா?" என்று கேட்டார். கால் கல்லின் மேலேயே இருந்தது.

வாடை வந்ததும் நான் அலறி அவரைப் பிடித்து இழுத்தேன்.

"என்னட்டி? என்ன ஆச்சு?" என்றார் அக்கா.

அம்மா வெங்காயத்தைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றார். எல்லாவற்றையும் அவர் பார்த்திருந்தார். அக்காவின் காலைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். மறுபடி காலைப் பார்த்தார்.

கோவில்பட்டிக்காரர்கள் மேலிருந்த கோபம் அம்மாவிடம் அன்றே பாதி குறைந்தது. ஆனால் ஒரு சந்தேகம் போன இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. உணர்ச்சியற்ற கால், முகத்தில் தடிப்பு, ஆறாத புண். அம்மா என்னைத் தனியே அழைத்து, வாயால் சொல்லப் பயந்து, கையைச் சேலைத் தலைப்புக்குள் மடக்கிக் காட்டினார். அம்மா நினைத்தது தொழுநோயை.

அம்மாவுக்குத் தோன்றியது மற்றவர்களுக்கும் தோன்றியது. கட்டுப் போட்ட இரண்டு கால்களையும் பார்த்த யாரோ சொல்ல, அது கோவில்பட்டி வரை போனது. கூடத்தில் வேலை செய்த பெண்கள் குடிநீரை வீட்டிலிருந்தே கொண்டுவரத் தொடங்கினார்கள். நெடுங்காலமாகச் சரக்கு எடுத்த கடைக்காரர் ஒருவர், காரணம் சொல்லாமல் மிட்டாய் டின்களைத் திருப்பி அனுப்பினார்.

அதன் பிறகுதான் அத்தான் நாகலாபுரத்துக்கு வந்தார். வாசலிலேயே நின்றார்.

"டவுன்ல என்னென்னமோ பேசுதாவ. எதுவா இருந்தாலும் பாத்துருவோம். நான் கூட்டிட்டுப் போறேன்."

"தொழில் படுத்துட்டுன்னதும் வந்துருக்காரு. கடைக்காரனுக்குக் காட்ட ஒரு சர்டிபிகேட் வேணும், அதான்" என்று அம்மா உள்ளே நின்று முணுமுணுத்தார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

அக்கா கட்டுப் போட்ட காலோடு எழுந்து வந்தார். "எதுக்கு வந்தாவளோ, இருக்கட்டும்மா. எனக்கும் தெரியணும்" என்று சொல்லிவிட்டு, அத்தானோடும் என்னோடும் அரசு மருத்துவமனைக்குக் கிளம்பினார்.

அங்கிருந்த இளம் பெண் மருத்துவர் அக்காவை வெகுநேரம் பரிசோதித்தார். தோலைச் சிறிதாகக் கீறி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் எங்களை உட்காரவைத்துச் சொன்னார்: "இது தொழுநோய் இல்ல. அப்படியே இருந்திருந்தாலும் பயப்பட ஒண்ணுமில்ல, மாத்திரையிலயே குணமாகும். ஒரே குடத்துல தண்ணி குடிச்சா ஒட்டிக்கிறதும் இல்ல. ஆனா உங்களுக்கு ஒண்ணுமே இல்லன்னும் நான் சொல்லமாட்டேன்." முடி உதிர்வு, வாய்ப்புண், வெயிலில் வரும் தடிப்பு, மூட்டு வலி எல்லாவற்றையும் அவர்தான் முதன்முதலாக ஒன்றோடொன்று சேர்த்துக் கேட்டார். சிறுநீரில் புரதம் போவதையும் கண்டார். மதுரையில் உள்ள மூட்டுவாதச் சிறப்பு மருத்துவரிடம் எங்களை அனுப்பிவைத்தார்.

மதுரையில் பல இரத்தச் சோதனைகள் நடந்தன. கணுக்காலருகே கடுகளவு தோலை எடுத்தும் பார்த்தார்கள். அதன் பிறகு அந்த நோயின் பெயர் எங்களுக்குத் தெரிந்தது. லூபஸ். கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடம்பின் காவல், தன் உடம்பையே பகையென்று எண்ணித் தாக்கும் நோய். தோல், மூட்டு, சிறுநீரகம் என்று எதையும் அது விடுவதில்லை. சிலருக்கு நரம்பையும் பிடிக்கும். முதலில் எரியும், பிறகு மரத்துப்போகும்.

அக்கா உடனே நம்பிவிடவில்லை. "முன்ன எடுத்த டெஸ்ட்டுல நரம்பு நல்லா இருக்குன்னு வந்துச்சே டாக்டர். அப்ப அது பொய்யா?"

"பொய் இல்லம்மா" என்றார் வயதில் பெரியவரான அந்த மருத்துவர். "அந்த டெஸ்ட் தடிச்ச நரம்பைத்தான் பாக்கும். சூடும் வலியும் மெல்லிய நரம்பு வழியாப் போகுது. அது அந்த மெஷினுக்குத் தெரியாது. உங்களுக்குக் கெட்டுப்போனது அந்த மெல்லிய நரம்புதான்."

அக்கா கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். அவர் சலிக்காமல் பதில் சொன்னார். எல்லாம் கேட்டு முடித்துவிட்டு அக்கா என் பக்கம் திரும்பி, "அப்ப நான் பொய் சொல்லலட்டி" என்றார். அதுவரை தான் சொல்வது உண்மைதானா என்று அவருக்கே ஐயம் இருந்திருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் அத்தை மதுரைக்கு வந்து இறங்கினார். யாரும் அழைக்கவில்லை. அத்தான் தொலைபேசியில் சொன்னதை நம்பாமல் நேரில் பார்க்கவே வந்திருந்தார். மருத்துவர் அறைக்குள் நுழைந்தவர், "அய்யா, எனக்குப் படிப்பு கெடையாது. கால்ல கொதிக்கிற பாகு பட்டா ஒருத்திக்குத் தெரியாம இருக்குமா? அத மட்டும் எனக்குச் சொல்லுங்க" என்றார்.

மருத்துவர் விளக்கம் சொல்லவில்லை. இரண்டு கண்ணாடிக் குழாய்களைக் கொண்டுவரச் சொல்லி, ஒன்றில் குளிர்ந்த நீரும் மற்றொன்றில் சூடான நீரும் நிரப்பினார். அக்காவைப் படுக்கவைத்துக் கண்களை மூடிக்கொள்ளச் சொன்னார். முதலில் முன்கையில் வைத்தார். அக்கா சூடு எது, குளிர்ச்சி எது என்று சரியாகச் சொன்னார். பாதத்தில் வைத்தபோது பதில் வரவில்லை.

அத்தை அதையும் நம்பவில்லை. "நான் வச்சுப் பாக்கலாமா அய்யா?" என்று கேட்டுச் சூடான குழாயை வாங்கினார். தன் கன்னத்தில் வைத்துப் பார்த்து முகம் சுளித்தார். பிறகு அக்காவின் வலது பாதத்தில், ஆறிக்கொண்டிருந்த அந்தப் பழைய புண்ணுக்குச் சற்றுக் கீழே அதை வைத்தார். உள்ளங்காலில் வைத்தார். விரல்களுக்கிடையில் வைத்தார்.

கண்களை மூடியபடியே அக்கா, "இன்னும் ஆரம்பிக்கலியா டாக்டர்?" என்று கேட்டார்.

அத்தை குழாயை மேசையில் வைத்தார். அக்காவின் பாதத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, "நான்தான் தாயி வச்சுப் பாத்தேன்" என்றார்.

அக்கா கோவில்பட்டிக்கே திரும்பினார். போனதும் அவர் செய்த காரியம் அவருக்கே உரியது. பாகு இறக்கும் நேரத்தில் கூடத்துக்குப் போய், தான் வழக்கமாக நிற்கும் இடத்தில் ஒரு பழைய சாக்கை விரிக்கச் சொன்னார். வழக்கம்போல் பாகைச் சாய்த்து ஊற்றச் சொல்லித் தள்ளி நின்று பார்த்தார். பாத்திரத்தின் விளிம்பிலிருந்து ஒரு கோடாகப் பாகு சாக்கின் மேல் வழிந்தது. வலது கால் இருக்கும் இடம் அது. மற்றவர்கள் சூடு பட்டதும் விலகிக்கொள்வார்கள். அக்காவுக்கு விலகத் தெரிந்திருக்கவில்லை.

"நான் விசாரிச்சுட்டேன்" என்று எங்களுக்குத் தொலைபேசியில் சொன்னார். "ஒருத்தரும் ஊத்தல. அதுவா விழுந்திருக்கு."

மாமா வக்கீலிடம் பேசியதோடு நிறுத்திக்கொண்டார். அம்மாவின் மனம் மட்டும் முழுதாகத் தெளியவில்லை. "ரெண்டாவது காயம் எங் கண்ணு முன்னால பட்டுது, நம்புதேன். மொதக் காயம் பட்டத யாரு பாத்தா? அதுவா விழலாம்னு காட்டிட்டா, அதுவாத்தான் விழுந்துச்சுன்னு ஆயிருமா?" என்று இன்றும் கேட்கிறார். அக்கா நம்பினார். நானும் நம்புகிறேன். அம்மாவின் கேள்வியைத் தவறென்று சொல்லவும் எனக்குத் தைரியமில்லை.

முறையான சிகிச்சையில் அக்காவுக்குப் பல நல்ல ஆண்டுகள் கிடைத்தன. முடி வளர்ந்தது. மூட்டு வீக்கம் வடிந்தது. பாதங்களின் உணர்வு மட்டும் திரும்பவே இல்லை. பின்னர் ஒருநாள் காலையில் எழுந்து நடக்கையில் வலது பாதம் தூக்க வராமல் தரையில் இழுபட்டது. அந்தக் காலின் பெரிய நரம்புக்கு இரத்தம் கொண்டுபோகும் சிறு குழாய்களையும் நோய் தாக்கியிருந்தது. மருத்துவமனையில் தங்கி, இரத்தக் குழாய் வழியே மருந்து ஏற்றிக்கொண்டார். பாதத்தை நிமிர்த்திப் பிடிக்கும் பிளாஸ்டிக் பட்டையைக் காலில் கட்டிக்கொண்டு நடக்கப் பழகினார். கூடத்தில் அடுப்பிலிருந்து தள்ளி அவருக்கென்று ஒரு நாற்காலி போடப்பட்டது. அங்கிருந்தபடி கடலையையும் வெல்லத்தையும் பார்த்து வாங்கினார். சரக்கைத் திருப்பி அனுப்பிய கடைக்காரர் மறுபடி வந்து கேட்டபோது, "இப்ப எதுக்கு வேணும்?" என்று அக்கா கேட்டார். கேட்டுவிட்டுத்தான் சரக்கைக் கொடுத்தார்.

கால் எரிகிறது, கை மரக்கிறது என்று சொல்லும் பெண்கள் அக்காவைத் தேடி வருவதுண்டு. அவர்கள் சொல்வதை அக்கா குறுக்கே பேசாமல் கேட்பார். மருத்துவரைப் பார்க்கச் சொல்வார். சீக்கிரம் குணமாக்கும் பொடி எதையும் வாங்கக்கூடாது என்பார். "ஒண்ணுமில்லன்னு ஒரு டாக்டர் சொன்னா, எத வச்சு ஒண்ணுமில்லன்னு சொல்லுதீங்கன்னு கேளுங்க" என்று சொல்லி அனுப்புவார்.

சென்ற ஆண்டு சிறுநீரகங்கள் தளர்ந்தன. நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்துகளை எடுத்துவந்த உடலில் கிருமித் தொற்றும் சேர்ந்துகொண்டது. மதுரை மருத்துவமனையில் கடைசி நாட்களிலும், செவிலியர் மாத்திரை கொடுத்தால் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவார். "நேத்து இது வெள்ளையால்லா இருந்துச்சு? இன்னைக்கு ஏன் மஞ்சளா இருக்கு?" என்று கேட்பார். கம்பெனிதான் வேறு, மருந்து ஒன்றே என்று அந்தப் பெண் சிரித்துக்கொண்டே அட்டையை எடுத்து வந்து காட்டுவார். ஒரு மதிய வேளையில் மாத்திரையை எதுவும் கேட்காமல் வாங்கி விழுங்கினார். அதைப் பார்த்ததும் நான் அத்தானுக்குத் தொலைபேசி செய்தேன். மறுநாள் அத்தானும் மகளும் நானும் அருகில் இருக்க, அக்காவின் உயிர் அமைதியாகப் பிரிந்தது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடாத அந்த இளம் மருத்துவருக்கும், கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்ன மதுரை மருத்துவருக்கும், செவிலியர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டது. குடிநீரை வீட்டிலிருந்து கொண்டுவந்த பெண்களில் மூவர், உண்மை தெரிந்த பின் அக்காவின் நாற்காலியருகே உட்கார்ந்து ஒரே செம்பில் தண்ணீர் குடித்தார்கள். அவர்களுக்கு நன்றி. எங்கள் கோபத்தையெல்லாம் தாங்கிக்கொண்டு, ஒவ்வொரு முறையும் பேருந்தில் ஜன்னலோர இருக்கை பிடித்து அக்காவை மதுரைக்கு அழைத்துப் போய் வந்த அத்தானுக்கு நன்றி. அன்று அவர் வாசலில் வந்து நின்றது சான்றிதழுக்காகத்தானோ என்று பிற்காலத்தில் நான் அக்காவிடம் கேட்டதுண்டு. "அதுக்கும்தான் வந்தாவ. எனக்காவவும்தான் வந்தாவ" என்றார். துக்க நாளன்று, பழைய பேச்சுகளை நம்பி அக்கா வீட்டில் தண்ணீர் குடிக்காமல் சென்றவர்கள் இம்மலரை வாசித்தால், அவர்களுக்கும் என் வணக்கம். மறுபடி வீட்டுக்கு வாருங்கள்.

கடைசியாக அத்தைக்கு.

மருத்துவமனையிலிருந்து அக்காவை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, உடலைத் துடைத்துச் சேலை மாற்ற ஒரு வாளியில் வெந்நீர் வைத்திருந்தார்கள். அம்மா தலைமாட்டில் நின்றார். அத்தை கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். உறவுக்காரப் பெண் ஒருவர் துணியை நனைத்துப் பாதத்தின் அருகே கொண்டுபோனார். அத்தை அவரை நிறுத்தி, வாளிக்குள் தன் கையை விட்டுப் பார்த்தார்.

"சூடா இருக்கு" என்றார். பிறகு அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். "மதினி, இன்னும் கொஞ்சம் பச்சத்தண்ணி ஊத்துங்க."

அம்மா சிறிது நேரம் அத்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு செம்பை எடுத்து, அத்தை கையைத் தண்ணீரிலிருந்து எடுக்கும்வரை ஊற்றினார்.